லெவி வீபேயின் காலணிகள்

மாதத்தின் மூன்றாம் செவ்வாய்
தாள் வட்டங்களால் துடைத்துக்கொண்டே போவேன்:
மேசை, கதவுப்பிடி, குளிர்பெட்டி, குழாயின் திருகு.
ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குப்பி, ஓர் எண்.
யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
வாடகை கேட்டு வந்தவளுக்கு வழிவிடுவதுபோல்
நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள்.
சாஸ்கடூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.

பதினேழாம் குப்பி.
இருநூறு வரை இருக்கலாம் என்பது எங்கள் விதி.
நாற்பதாயிரம் இருந்தது.

கருவியின் முகத்தைத் தரைக்கு ஒரு விரல் மேலே பிடித்து
நடந்தேன்.
கழுவுதொட்டியின் அடியில்
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல் பொரிந்தது.
தள்ளிப் பிடித்தால் அடங்கியது.
இரண்டடி போனதும் மறுபடி பொரிந்தது.
இடது, வலது, இடது.
ஒருவனின் நடை எனக்குப் புரிய ஆரம்பித்தது,
இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறவன்.
நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றிருக்கிறான்.
காபி அறை வாசல்வரை போய்
எதையோ யோசித்துத் திரும்பியிருக்கிறான்.
அப்புறம் மாடிப்படி.

லெவி வீபே
கால்களை நாற்காலிக்கு அடியில் மடித்து வைத்திருந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கருவி கேட்டது.
"வெள்ளிக்கிழமை. ஒரு துளி. துளிகூட இல்லை.
துடைத்துவிட்டேன்.
உங்களைக் கூப்பிட்டால் ஆய்வகத்தின் உரிமம் போய்விடும் என்றார்கள்."
யார் சொன்னது?
பதில் இல்லை.
வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். விரல்விட்டு எண்ணினேன்.
வீட்டில் யார் யார்?
"கோரினா. அப்புறம் ஹெட்டி. பதினோரு மாதம்."
கொஞ்சம் பொறுத்து, "தவழ்கிறாள்."

காலணிகளைப் பையிலிட்டுக் கட்டினேன்.
என் ரப்பர் பூட்ஸில்
பாதிக் குதிகால் வெளியே தெரிய
பனியில் என் காருக்கு நடந்தான்.

கோரினா கதவைத் திறந்தாள், கையில் கரண்டி.
விருந்தாளி என்று நினைத்திருப்பாள். சிரித்தாள்.
மிதியடி பொரிந்தது.
கம்பளத்தின் ஓரம் பொரிந்தது.
அதற்கப்பால் நான் மண்டியிட்டேன்.

இருபத்திரண்டு வருட வேலை.
செத்துப்போன பேராசிரியரின் இழுப்பறையிலிருந்து
ரேடியம் பூசிய கடிகாரங்களை எடுத்திருக்கிறேன்.
கை நடுங்கியதில்லை.

ஹெட்டி கருவியைப் பிடுங்க வந்தாள்.
அவள் உள்ளங்கையை விரித்து மேலே பிடித்தேன்.
டக்.
கரண்டியிலிருந்து ஏதோ சொட்டியது.
டக்.
டக்.
பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும்
எல்லோர் மேலும் விழுந்துகொண்டே இருக்கும் அளவு.
முழங்கால்கள். டக். மோவாய், எச்சிலோடு. டக்.
"இது வெறும் ஊர்ச் சத்தம்" என்றேன்.
வேறு சொல் வரவில்லை.
லெவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
மனிதப் பிழை என்று குறித்தேன்.
கீழே எழுதினேன்:
கூப்பிட வேண்டிய எண்
உரிமம் ரத்தாகும் என்ற கொட்டை எழுத்துக்கு அடியில்
பொடி எழுத்தில் இருக்கிறது.
ஒட்டியவள் நான்.

பாஸ்பரஸ் பதினான்கு நாளில் பாதியாகும்,
அந்தப் பாதி இன்னொரு பதினான்கில்.
ஈயம் வேண்டாம், அது வேறு கதிரைக் கிளப்பிவிடும்;
கனத்த பிளாஸ்டிக் பெட்டி போதும்.
காலணி, மிதியடி, அறுத்தெடுத்த கம்பளத் துண்டு.
மேலே தேதி: ஜூன் ஒன்பது.

மார்ச்சில் ஒரு நள்ளிரவு தொலைபேசி அடித்தது.
இரண்டாம் தளம், யாரோ ஒரு பெண், மூச்சிரைக்க.
போய்ப் பார்த்தேன்.
காபி.
நன்றி சொல்லிவிட்டு வந்தேன், நிஜமாகவே.

ஜூன் ஒன்பது. ஆற்றில் பனி போய்
அணைக்கட்டில் கூழைக்கடாக்கள்.
காலணியின் அடிப்பாகத்தில் கருவியை வைத்தேன்.
டக். டக்.
அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டான்.
ஹெட்டி நடக்கிறாள் என்றான்.
கையெழுத்துப் போட்டான்.
படியேறுவது கேட்டது,
இடது காலைக் கொஞ்சம் இழுத்து.

கம்பளத் துண்டைக் கோரினா வேண்டாம் என்றுவிட்டாள்.
என் அலமாரியில் இருக்கிறது,
சுத்தமாக.